ஆளைப் பார்த்து வாங்கின கார்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை பக்கத்து வளவுப் பெடியன் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தான். "மாமா, ஒரு கார் பாத்து வைச்சிருக்கிறன். ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுறியளோ?" என்றான்.

காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் 1976 முதல் 1990இல் அது நின்றுபோகும் வரைக்கும் பொருத்துநராக வேலை செய்தவன் நான். அதற்குப் பிறகு கராச்களில் கைக்குக் கிடைத்த வேலை எல்லாம் பார்த்திருக்கிறேன். அந்தப் பழைய பேரில், ஊரில் யார் பாவித்த வாகனம் வாங்கப் போனாலும் பொனற்றுக்குள் தலையை விடுவதற்கு என்னைக் கூப்பிடுவார்கள். கூலி ஒரு பிளேன்ரீ. சில வேளை அதோடு ஒரு வடை.

"என்ன கார் தம்பி?"

மாடலைச் சொல்லவில்லை. எந்த வருடம் என்றும் சொல்லவில்லை. "டொக்டர் ஓடின கார், மாமா" என்றான்.

யாழ்ப்பாணத்தில் இதற்கு மேலே ஒரு சான்றிதழ் கிடையாது. டொக்டர் ஓடின கார், வாத்தியார் ஓடின ஸ்கூட்டர், ஃபாதர் வைத்திருந்த மோட்டார் சைக்கிள். பொருளைப் பற்றி ஒரு சொல்லும் இராது; ஆளைப் பற்றி முழுவதும் இருக்கும். குடிக்க மாட்டார், வேகமாக ஓட மாட்டார், கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர எடுக்க மாட்டார். இப்படிக் கேட்டு வாங்கியதில் நாங்கள் பெரிதாக நட்டப்பட்டதும் இல்லை. ஓட்டினவரின் குணம் கிளச்சிலும் ரயரிலும் தெரியத்தான் செய்யும்.

அந்த டொக்டரின் காரும் அப்படித்தான் இருந்தது. கதவின் கீழ் விளிம்பில் உப்புக்காற்றுக்குப் பிடிக்கிற கறள்கூட இல்லை. ஒயில் நேரத்துக்கு மாற்றியிருந்தது. இருக்கை உறையில் சுருக்கம் இல்லை. பெடியனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் பொனற்றை மூடிவிட்டு, "சேசி நம்பரை ஒரு துண்டிலை எழுதித் தா" என்றேன்.

"புத்தகம் கிளியர் மாமா. லீசிங்கும் இல்லை. கந்தோரிலை எல்லாம் பாத்திட்டன்."

"அதுக்கில்லையடா."

எதற்கென்று அவனுக்கு விளங்கப்படுத்த வெளிக்கிட்டால், நான் ஒரு துவக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

2018 புரட்டாசி கழிந்த கையோடு கனடா போயிருந்தேன். அக்காவின் மகன் அல்பேர்ட்டாவில், எட்மன்டனுக்கு வெளியே இருக்கிறான். அங்கே கார்த்திகை மாதம் மான் வேட்டைக் காலம். கூட வேலை செய்கிற வெள்ளைக்காரர்களோடு சேர்ந்து இவனும் பழகிவிட்டான். முறையாகப் படித்துச் சோதனை எழுதி அனுமதிப்பத்திரமும் எடுத்திருந்தான். ஒரு பின்னேரம் குசினி மேசையில் பழைய பத்திரிகையை விரித்து, அதன் மேலே ஒரு துவக்கைக் கொண்டுவந்து வைத்தான். ரெமிங்டன் 700. பாவித்தது, புதிதாக வாங்கியிருந்தான். "தொட்டுப் பாருங்கோ மாமா, வெறுந்துவக்குத்தான்" என்றான்.

நான் கையைப் பின்னாலே கட்டிக்கொண்டேன். முள்ளியவளையில் என் பெரியப்பா பன்றிக்கு ஒரு இடியன் துவக்கு வைத்திருந்தார். அதைச் சிறுவயதில் தொட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு நான் கண்ட துவக்குகள் எல்லாம் மற்ற ஆட்களின் கையில்தான் இருந்தன. எந்தப் பக்கத்து ஆள் என்பதில்தான் வித்தியாசம். மேசையில் கிடந்தாலும் அதன் வாய் எந்தத் திசையைப் பார்க்கிறது என்றுதான் என் கண் முதலில் போனது.

அவன் கைவிளக்கைக் கொளுத்திக்கொண்டு, போல்ட்டைக் கழற்றுவதற்கு அமத்துகிற சின்ன நெம்பில் எதையோ தேடினான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நானும் குனிந்தேன். "இந்தா இருக்கு" என்றான். ஆணி முனையால் ஒரு தட்டுத் தட்டினதுபோல ஒரு புள்ளி. எள்ளின் அளவு.

அந்தப் புள்ளியின் கதையை அவன்தான் சொன்னான். 2014 ஏப்ரலில் அந்தக் கம்பனி, 2006 மே 1 தொடக்கம் 2014 ஏப்ரல் 9 வரை செய்த ஒருவகை விசைப்பொறி உள்ள துவக்குகளையெல்லாம் திருப்பிக் கேட்டதாம். பொறியைப் பொருத்தும்போது பசை கொஞ்சம் கூடிப்போயிருக்கிறது. பசை கூடினால், விரல் விசையில் இல்லாமலே வெடிக்கக்கூடும். புள்ளி குத்தியது என்றால் இந்தக் குறையில் சேராதது. புள்ளி இல்லையென்றால் தொடர் இலக்கத்தைச் சொல்லிக் கம்பனியிடம் கேட்க வேண்டும். கேட்டு முடியும் மட்டும் அதற்குள் ஒரு சன்னமும் போடக் கூடாது.

"வித்தவர் சொல்லேல்லையோ?" என்று கேட்டேன்.

"கேட்டனான். ஒரு பிரச்சினையும் இல்லை எண்டார். நல்ல மனிசன் மாமா, பொய் சொல்லுற ஆள் இல்லை. ஆனா அவர் மூண்டாவது கை. கம்பனி கடிதம் போட்டிருந்தா முதல் கைக்கல்லோ போட்டிருக்கும்?"

சொல்லிவிட்டு அவன் துடைக்கத் தொடங்கிவிட்டான். எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. நேர வித்தியாசம் என்று அவர்கள் நினைத்தார்கள். நான் மாமரத்துக்குக் கீழே நிற்கிற எங்கள் காரை நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

அது 2014இல் ஓய்வுபெற்ற ஓர் அதிபரிடம் வாங்கினது. 2006இல் செய்த ஜப்பான் கார். எந்தக் கம்பனி என்று எழுதப் போவதில்லை. அவர்களில் பலருக்கும் ஒரே இடத்தில்தான் இடித்தது. ஜப்பானில் ஒருவர் ஓடி, ரீகண்டிஷனாகக் கொழும்புக்கு வந்து, அங்கே ஒருவர் ஓடி, அதிபருக்கு வந்து, எனக்கு வந்தது. நான் நாலாவது கை. வாங்கும்போது அரை நாள் நின்று சோதித்தேன். இஞ்சின், கியர், பிரேக், பாரம் ஏற்றி மணல் தெருவில் ஓட்டம். இப்படித் திருப்பிக் கேட்பதற்கு ரீகோல் என்று பேர்; அந்தச் சொல்லைப் பத்திரிகையில் கண்டிருக்கிறேன், அமெரிக்காவில் நடக்கிற ஏதோ என்று பக்கத்தைப் புரட்டியும் இருக்கிறேன்.

விடியப்புறம் எழும்பி மகளுக்கு வட்ஸ்அப்பில் பதிவுப் புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அக்காவின் மகன் நம்பரை அடித்துப் பார்த்தான். முன்சீற்றில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருக்கிறவருக்கான எயார் பாக் மாற்றப்பட வேண்டும், மாற்றப்படவில்லை.

அந்தச் சீற்றில்தான் மகள் இருப்பாள். மடியில் பேத்தி இருப்பாள். நல்லூருக்கு, சந்நிதிக்கு, கீரிமலைக்கு, நாலு வருடம்.

எயார் பாக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பலர் அதை ஒரு பலூன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பலூனை ஊத ஒரு வாயு வேண்டும்; அதுவும் கண் இமைப்பதற்குள் வேண்டும். அதற்காக உள்ளே ஓர் உருக்குக் குடுவையில் வெடிக்கிற உப்பை வில்லைகளாக அடைத்து வைத்திருப்பார்கள். கார் மோதினால் அது கொளுத்தப்பட்டு வாயுவாகிப் பையை நிரப்பும். தகாட்டா என்ற ஜப்பான் கம்பனி, 1933இல் நெசவில் தொடங்கி, ஆசனப் பட்டியில் பேர் எடுத்து, எயார் பாக்குக்கு வந்தது. அவர்கள் பாவித்த உப்பு அமோனியம் நைத்திரேற்று. மலிவு, சிறிய இடத்தில் நிறைய வாயு.

தோட்டம் செய்தவர்களுக்கு நான் இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. வாயைக் கட்டாத யூரியா மூட்டையை ஐப்பசி, கார்த்திகை மாரிக்குக் கொட்டிலில் விட்டுப் பாருங்கள். ஈரம் குடித்துக் கசியும். தை பிறந்து வெயில் ஏறக் கட்டியாகும். அடுத்த மாரிக்குத் திரும்பவும் கசியும். இரண்டு மூன்று தடவை இப்படி ஆனால் விரலால் நசிக்க மாவாகும். யூரியா வேறு, அமோனியம் நைத்திரேற்று வேறு. ஆனால் ஈரம் குடிக்கிற குணம் ஒன்று. குடுவைக்குள் ஈரத்தை உறிஞ்சுகிற மருந்து வைக்காமல் விட்டதில், வருடக்கணக்கான வெக்கையிலும் புழுக்கத்திலும் வில்லை பொருபொருத்துப் போனது. பொருபொருத்த வில்லை எரிய வேண்டிய வேகத்தைவிடக் கெதியாக எரிந்தது. குடுவை தாங்கவில்லை. பையைக் கிழித்துக்கொண்டு உருக்குத் துண்டுகள் முகத்துக்கும் கழுத்துக்கும் வந்தன.

தொண்ணூறுகளில் ஒரு மூட்டை யூரியா குடாநாட்டுக்குள் வர விடாத காலம் இருந்தது. வெடிக்குப் பாவிப்பார்கள் என்று. அதைவிடப் பொல்லாத உப்பு, பேத்தியின் மூஞ்சிக்கு நேரே அரை முழம் தள்ளி நாலு வருடம் இருந்திருக்கிறது.

2008 கார்த்திகையில் ஹொண்டா முதன்முதலாகத் திருப்பிக் கேட்டபோது அது சுமார் 4,000 கார் மட்டும். பெருகிப் பெருகி, உலகம் முழுதும் சுமார் 10 கோடி குடுவைகள். டொயோட்டா 2015 மே மாதம் அறிவித்த பட்டியலில் விற்ஸும் கொரோலாவும் இருந்தன. 2003 மார்ச்சுக்கும் 2007 நவம்பருக்கும் இடையில் செய்தவை. யாழ்ப்பாணத்தில் எந்த ஒழுங்கையில் நின்று கல்லை எறிந்தாலும் இந்த இரண்டில் ஒன்றில் படும். தகாட்டா 2017 ஜூனில் வங்குரோத்து. அந்தத் துவக்குக் கம்பனியும் 2020இல் வங்குரோத்தாகித் துண்டு துண்டாக விலைப்பட்டது என்று அக்காவின் மகன் பிறகு சொன்னான். செய்தவன் கடையைக் கட்டிவிட்டான். செய்த சாமான் இன்னும் ஓடுது.

வெக்கையும் புழுக்கமும் உள்ள இடத்தில்தான் இது கெதியாகப் பழுதாகும் என்பதால் அமெரிக்காவில் புளோரிடா, ஹவாய்ப் பக்கத்துக் கார்களை முதலில் மாற்றினார்கள். எங்களுக்குப் பழக்கமான தேசத்தைச் சொன்னால் மலேசியா. மலாயா பென்சன் வந்த வீடுகள் எங்கள் ஊரில் எத்தனை! அங்கே 2014இல் சரவாக்கில் ஒரு கர்ப்பிணிப் பெண் இதனால் இறந்தாள். பிறகும் பலர். அவுஸ்திரேலியாவில் 2018இல் அரசாங்கமே தலையிட்டு, சுமார் 30 இலட்சம் வாகனங்களைக் கட்டாயமாகத் திருத்த வைத்தது. ஜப்பானில் 2018 மே முதல், இந்த வேலை செய்யாத கார் அவர்களுடைய வாகனப் பரிசோதனையில் தேறாது என்று விதி போட்டார்கள். தேறாவிட்டால் தெருவில் இறங்கேலாது. அங்கே நின்றிருந்தால் எங்கள் காருக்கும் அந்த வேலை நடந்திருக்கும். அது அதற்கு எத்தனையோ வருடம் முன்னமே கப்பல் ஏறிவிட்டது. கடிதம் ஜப்பானில் ஏதோ ஒரு வீட்டுக்குப் போயிருக்கும். அந்த மனிதர், "நான் அதை வித்துக் கனகாலம்" என்று குப்பையில் போட்டிருப்பார். அவரில் நான் என்ன பிழை சொல்ல?

இங்கே வருடாவருடம் வரிப்பத்திரம் எடுக்கிறோம். புகையைச் சோதிக்கிறார்கள், காப்புறுதியைப் பார்க்கிறார்கள், காசைக் கட்டுகிறோம். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை.

திரும்பி வந்து முதல் வேலையாகக் கார்க் கம்பனியின் முகவரிடம் பதிந்தேன். சாமான் வரச் சில கிழமை எடுத்தது. அதுவரைக்கும் முன்சீற்றில் தேங்காய்ச் சாக்குத்தான் இருந்தது. மாற்றுவதற்கு ஒரு சதமும் எடுக்கவில்லை. கழற்றின குடுவையை முகவரின் பட்டறைப் பெடியன் எனக்குக் காட்டினான். பிட்டுக் குழலில் அரைவாசி நீளம், அதைவிட ஒடுக்கம். வெளியே ஒரு கீறல் இல்லை, ஒரு கறள் இல்லை. நாற்பது வருடம் இரும்போடு கிடந்தவன் நான், ஆயிரம் தடவை தட்டிப் பார்த்தாலும் இதில் குறை இருக்கிறது என்று கண்டிருக்க மாட்டேன். கண்ணாலே பார்த்து அறியலாம் என்ற என் கெறு அந்தப் பட்டறையில் கழன்றது. வாங்கிக் கையில் பிடிக்கலாமோ என்று கேட்டேன். "வேண்டாம் ஐயா" என்று பெட்டிக்குள் வைத்து மூடினான்.

பிறகு ஒரு பிழையும் விட்டேன். அதிபரிடம் போய்ச் சொன்னேன்.

குற்றம் சொல்லப் போகவில்லை. அவருக்கு அப்போதும் ஒரு கார் நின்றது. அதையும் பார்க்கட்டும் என்று போனேன். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தவர் நான் சொல்லி முடிய நிமிர்ந்து இருந்தார். "நான் உமக்குப் பொய் சொல்லி வித்தனான் எண்டு சொல்லுறீரோ?" என்றார். இல்லை ஐயா, உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது என்று எத்தனை விதமாகச் சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை. "நான் ஓடின ஆறு வருசத்திலை ஒரு ஆணி கழரேல்லை" என்றார். அது உண்மை. அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவருடைய மனுசி தேத்தண்ணியோடு வந்தவ, எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு நடுவிலே நின்றுவிட்டா.

வீதியில் வரும்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் விற்கிறவரின் நேர்மையைத்தான் வாங்கியிருக்கிறோம். அதனால் பொருளில் ஒரு குறை என்றால் அது அவரின் நேர்மையில் விழுகிறது. கேட்கிறவனுக்கும் கூச்சம், கேட்கப்படுகிறவருக்கும் அவமானம். ஓர் இலக்கத்தைக் கேட்டால் அவருடைய சொல்லை நம்பவில்லை என்று ஆகிவிடும் என்று பயந்து, கேட்காமலே காசை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம்.

இத்தனைக்கும் விசாரிக்கத் தெரியாத சனம் இல்லை நாங்கள். இரண்டு பரப்புக் காணி வாங்குவதென்றால் உறுதியை நொத்தாரிசிடம் கொடுத்து, காணிக் கந்தோரில் முப்பது வருடத்துக்குப் பின்னாலே தோண்டுகிறோம். ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு வரைக்கும் பேசுகிற ஆட்கள் இருக்கிறார்கள். 1707இல் அவர்கள் தொகுத்து எழுதின தேசவழமையில், பங்குக் காணியை விற்கிறவன் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் அறிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. இன்றைக்கும் அதை வைத்து வழக்குப் பேசுகிறார்கள். அறிவிக்காமல் விற்ற காணிக்காக அண்ணன் தம்பி முகம் பாராத வீடுகளை எனக்குத் தெரியும். கலியாணம் என்றால் இன்னும் மோசம். லண்டனில் இருக்கிற மாப்பிள்ளையின் பூட்டனார் எந்தக் குறிச்சி என்று மூன்று பக்கத்தால் விசாரிப்போம். அந்த வீட்டுச் சனத்துக்கு அது மரியாதைக் குறைவாகப் படுவதில்லை; விசாரிக்காவிட்டால்தான் படும். காருக்கு மட்டும் ஏன் நாக்கு ஒட்டுகிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. முகமாலையில் சிவப்பு மண்டையோட்டுப் பலகை நின்ற காணிக்குள், மிதிவெடி எடுத்துக் கையளித்த கடதாசியைக் காணாமல் சொந்தக்காரன்கூடக் கால் வைக்கவில்லை. பலகை காணியிலேயே நின்றது, அதுதான் வித்தியாசமோ என்னவோ.

ஜப்பான்காரருக்கு இதில் கூச்சம் குறைவு. யாழ்ப்பாணத்தில் நிறைய ஓடுகிற அந்த ஹொண்டா ஃபிற் ஹைபிரிட், 2013இல் வந்த மாடல், ஒரு வருடத்துக்குள் ஐந்து தடவை திருப்பிக் கேட்கப்பட்டது. 2014 ஒக்டோபரில் கம்பனித் தலைவர் தொடக்கம் மேலே இருந்தவர்கள் தங்கள் சம்பளத்தில் வெட்டினார்கள். எங்கள் பக்கத்தில் எந்தத் தலைவரும் அப்படி வெட்டினதாக நான் கேள்விப்படவில்லை.

சரி, பெடியனிடம் வருவோம்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவின் பூட்டு வந்து கொளுவுகிற உருக்கு வளையத்துக்குக் கிட்ட அவனைக் குந்த வைத்தேன். ஜப்பானில் ரீகோல் வேலை முடித்தால் அந்த இடத்தில் ஒரு குட்டி ஸ்ரிக்கர் ஒட்டுகிற வழக்கம் உண்டு, அதில் அந்த ரீகோலின் எண் இருக்கும். துவக்கில் குத்தின புள்ளிக்கு அண்ணன் முறை. "இருக்கு மாமா!" என்று துள்ளினான். இருந்தது. ஆனால் ஒரு காருக்கு மூன்று நாலு ரீகோல் வரலாம். ஒட்டியிருந்தது அதில் ஒன்றுக்கு. சில வேலைக்கு ஒட்டுவதே இல்லை, ஒட்டினதும் கழுவிக் கழுவி உரிந்துபோகும். ஸ்ரிக்கரைக் கண்டால் சந்தோசப்படலாம், அதோடு நிற்கக் கூடாது.

பிறகு சாவியைத் திருப்பச் சொன்னேன், ஸ்ராட் பண்ணாமல். எயார் பாக் லைற் சில செக்கன் எரிந்து அணைந்தது. "அப்ப சரிதானே?" என்றான். அந்த லைற் வயர் தொடுப்பைத்தான் பார்க்கும். குடுவைக்குள் உப்பு மாவாய்ப் போனதோ என்று அதற்குத் தெரியாது. எங்கள் காரிலும் அது ஒழுங்காய் எரிந்து ஒழுங்காய்த்தான் அணைந்தது. லைற் எரியவே இல்லையென்றால் வேறு கதை. முன்னம் எங்கேயோ மோதி, பை வெடித்து, புதுசு போடாமல் பல்ப்பைக் கழற்றின காராக இருக்கலாம். அப்படி இரண்டு கண்டிருக்கிறேன். ஒன்றில் ஸ்ரேறிங் மூடிக்குப் பின்னால் பழைய துணி அடைந்திருந்தது.

கடைசியில் நம்பர். இஞ்சின் அறைக்குள் இருந்த தகட்டில் ஒருக்கா, பதிவுப் புத்தகத்தில் ஒருக்கா. இரண்டும் ஒன்றா என்று அவனைக் கொண்டே வாசிப்பித்தேன். ஜப்பானுக்குள் ஓடச் செய்த காருக்கு அமெரிக்கக் கார்போல பதினேழு எழுத்து இராது. மாடலைக் குறிக்கிற எழுத்தும் எண்ணும், ஒரு சிறு கோடு, அதற்குப் பிறகு ஆறோ ஏழோ இலக்கம். இதை அமெரிக்க அரசாங்கத்தின் தேடலில் போட்டால் வாங்காது. அதைப் பார்த்து "ஒண்டும் இல்லையாம்" என்று நிம்மதியாகப் போன ஆட்கள் உண்டு. பெரிய கம்பனிகளுக்கு ஜப்பானில் தனிப் பக்கம் இருக்கிறது. கோட்டுக்கு முன்னால் உள்ளது ஒரு பெட்டி, பின்னால் உள்ளது மற்றப் பெட்டி. எழுத்தெல்லாம் ஜப்பான். அவனுடைய போனில் அடித்து, என்னுடைய போனின் கமராவை அதன் மேலே நீட்டினோம், இங்கிலீசில் மாற்றித் தந்தது. அதுவும் சரிவராது என்றால் இங்கே உள்ள முகவருக்கு நம்பரைச் சொன்னால் பார்த்துச் சொல்வார்கள். இங்கே செய்த வேலை ஏதும் இருந்தால் அதையும் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

மூன்று வரி வந்தது. இரண்டு செய்தது. ஒன்று செய்யாதது. எயார் பாக், ஓட்டுநர் பக்கம்.

"அப்ப வாங்கவேண்டாமோ மாமா?"

"வாங்கு. திருத்தினாப் பிறகு வாங்கு. காசில்லாமல் திருத்தித் தாறதுக்கு ஏன் நல்ல காரை விடுறாய்? சந்தியிலை கராச்சிலை கழட்டச் சொல்லிப் போடாதை, அது வெடி."

"டொக்டரிட்ட நான் எப்பிடிச் சொல்லுறது?"

அதுதான் அவனுக்குப் பெரிய பாரம். அதிபரின் விறாந்தை எனக்கு ஞாபகம் வந்தது. "உங்கடை கார் பழுது எண்டு சொல்லாதை. நம்பரையும் இந்தப் படத்தையும் காட்டி, இப்பிடி ஒரு கடிதம் வந்திருக்க வேணும், உங்களுக்குக் கிடைக்கேல்லை எண்டு சொல்லு" என்று அனுப்பினேன்.

இரவு எட்டு மணிபோல என் போன் அடித்தது. டொக்டர்தான். கோபம் இல்லை. திங்கட்கிழமையே முகவரிடம் பதிவதாகச் சொன்னார், எந்த இடம் என்று கேட்டார், எத்தனை நாள் எடுத்தது என்று கேட்டார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"இதுக்கு முதல் என்னட்டை நிண்டதும் அதே கம்பனிக் கார். 2013இலை வித்தனான். காப்புறுதிக் கடதாசி கிடக்கு. நம்பரைச் சொல்லுறன், பாக்கிறியளோ?"

ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்தேன். வந்ததை இரண்டு தரம் வாசித்தேன்.

"இதுவும் செய்யேல்லை டொக்டர்."

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "கரவெட்டிப் பக்கத்து ஆள். மகளுக்கு எண்டு வாங்கினவர். நான் எண்டபடியால் ஒண்டும் கேக்கேல்லை, காசை எண்ணி வைச்சிட்டுக் கொண்டுபோனவர். பேர்... நில்லுங்கோ, பேர் எங்கையோ எழுதினனான்."

லாச்சி இழுபடுகிற சத்தமும் கடதாசி புரள்கிற சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. நான் போனை வைக்கவில்லை.